சர்வர் படுத்துவிட்டால் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

வேலூர் லாங்கு பஜாரில் மொத்த வியாபாரக் கடையோ, ஆம்பூரில் ஷூ கம்பெனியோ, ராணிப்பேட்டை சிப்காட்டில் சின்னதாக ஒரு கெமிக்கல் யூனிட்டோ, எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பேக்கப் எல்லாம் டெய்லி எடுக்கிறோம் சார்." சரி, எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அக்கவுண்டன்ட் தம்பி டி டிரைவைத் திறந்து 'டேலி பேக்கப் நியூ' என்ற ஃபோல்டரைக் காட்டுவார். பக்கத்திலேயே 'டேலி பேக்கப் நியூ 2', 'லாஸ்ட் இயர் ஃபைனல்', 'டெலீட் பண்ணாதே' என்று இன்னும் மூன்று கிடக்கும். சி டிரைவில் இருக்கும் கணக்கை டி டிரைவுக்கு நகல் எடுக்கிறார், ரொம்ப ஒழுங்காக, தினமும் கடை மூடுகிற நேரத்தில். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். சி-யும் டி-யும் அதற்குள் போட்ட பிரிவுகள், அவ்வளவுதான். டிஸ்க் போனால் கணக்கும் போகும், நகலும் கூடவே போகும்.

இதைச் சரிசெய்வதில் தொடங்கி, ஒரு நாள் எல்லாமே போய்விட்டால் மறுபடி எப்படிக் கடையைத் திறப்பது என்பது வரை முன்கூட்டியே யோசித்து எழுதி வைப்பதற்குத்தான் டிசாஸ்டர் ரெக்கவரி என்று பெயர். சுருக்கமாக டி.ஆர். என்பார்கள். பேங்குக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிக்கும் உரிய சமாச்சாரம் என்று நினைத்து நம் ஊர்க்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிய இடத்தில் சர்வர் படுத்தால் ராத்திரியே வந்து பார்க்க ஆள் இருக்கிறது. நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆபீசில் யார் இருக்கிறார்கள்? சர்வீஸ் பையன் போனை எடுக்கிற வரைக்கும் எல்லாரும் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில், டிசாஸ்டர் என்றால் என்ன? வெள்ளம், தீ, பூகம்பம் என்று பெரிதாக நினைக்கத் தோன்றும். அதுவும் உண்டு. 2021 நவம்பர் மழையில் பாலாறு எப்படி ஓடியது என்று வேலூர், ராணிப்பேட்டை மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதமே திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது என்று காட்பாடி வழி ரயில்கள் பல நாட்கள் ரத்தாயின. அதனால் எந்த ஆபீசிலும் டிஸ்க் கெடவில்லை, டேட்டா தொலையவில்லை. ஆனால் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ரயிலில் வருகிறவராக இருந்தால் அந்த ஆபீசுக்கு அதுவும் டிசாஸ்டர்தான்.

ஆனால் நடைமுறையில் டேட்டா போவது பெரும்பாலும் சப்பையான காரணங்களால். டிஸ்க் வயசாகிச் சாகும். யாரோ தப்பான ஃபோல்டரை அழிப்பார்கள். புதிதாக வந்த பையன் பழைய வருஷக் கணக்கின் மேலேயே புதுசை ரீஸ்டோர் செய்துவிடுவான். லேப்டாப் பஸ்ஸில் திருடு போகும். அப்புறம் நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், ஏ.சி. இல்லாமல், படிக்கட்டுக்கு அடியில், தோல் தூசியும் பசை வாடையும் நடுவில் சர்வரை வைத்திருக்கும் கம்பெனிகள் ஏராளம். சூட்டில் யூ.பி.எஸ். பேட்டரியின் ஆயுளும் குறையும். கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்க வேண்டிய பேட்டரி ஒரே நிமிஷத்தில் கையை விரித்துவிடும், டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அணைந்து ஃபைல் கெடும். யூ.பி.எஸ். கொடுக்கும் நேரம் வேலையைத் தொடர்வதற்கு இல்லை, ஒழுங்காக மூடுவதற்கு. பேட்டரியை மாற்றிய தேதியை யூ.பி.எஸ். மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். செலவில்லாத டி.ஆர். வேலை அது.

சரி, திட்டம் எங்கே தொடங்குகிறது? எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பதிலிருந்துதான் எல்லாரும் தொடங்குகிறார்கள், அது தலைகீழ். முதலில் ஓனரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பையனிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, ஓனரிடம்தான்.

முதல் கேள்வி: எவ்வளவு வேலை தொலைந்தால் பரவாயில்லை? நேற்று மாலை எடுத்த நகல்தான் கையில் இருக்கிறது, இன்று மதியம் மூன்று மணிக்கு டிஸ்க் போகிறது என்றால் இன்று காலை முதல் போட்ட பில்கள் இல்லை. அது பரவாயில்லையா? இதற்கு ஆர்.பி.ஓ. என்று பெயர். இரண்டாவது கேள்வி: எவ்வளவு நேரம் சிஸ்டம் இல்லாமல் சமாளிக்க முடியும்? இதற்கு ஆர்.டி.ஓ. (லைசென்ஸ் ஆபீஸ் வேற.) முதலாவது, எவ்வளவு அடிக்கடி நகல் எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும். இரண்டாவது, எவ்வளவு பணம் செலவழிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்.

மூன்று இடங்களை எடுத்துப் பார்ப்போம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜ் ஒன்று. வங்காளம், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தோ வரும் நோயாளிகளும் உறவினர்களும் தங்குகிறார்கள். சிஸ்டம் படுத்தால் ரிசப்ஷனில் தடிமனான லெட்ஜர் இருக்கிறது, கையால் எழுதி ரூம் கொடுக்கலாம், சிஸ்டம் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். ஆக ஒரு நாள் போனால் தலை போகாது. ஆனால் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் போட வேண்டும், அதற்கு பாஸ்போர்ட், விசா நகல் வேண்டும். ஸ்கேன் செய்தது சர்வரில் மட்டும் இருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரூம் ரூமாகக் கதவைத் தட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். லாட்ஜுக்கு ரொம்ப விலை உயர்ந்த ஏற்பாடு தேவையில்லை. லெட்ஜரும், தினமும் ஒரு நகலும், ஸ்கேன்களுக்குத் தனியாக ஒரு கிளவுடு ஃபோல்டரும் போதும்.

அதே தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். இங்கே கதை வேறு. காலையில் எடுத்த சாம்பிளின் முடிவு சிஸ்டத்தில் ஏறி, பிரிண்ட் போகும் முன் டேட்டா போனால் மறுபடி ஊசி குத்த வேண்டும். அதற்குள் நோயாளி காட்பாடியில் ஹவுரா போகும் ரயிலைப் பிடித்திருப்பார். திரும்ப உண்டாக்கவே முடியாத தகவல் என்று ஒன்று உண்டு, இது அந்த ஜாதி. இந்த மாதிரி இடத்தில் தினம் ஒரு நகல் போதாது, மணிக்கு ஒன்றோ அதைவிட அடிக்கடியோ வேண்டும்.

மூன்றாவது, ஆம்பூர்ப் பக்கம் இருநூறு பேர் வேலை செய்யும் ஷூ கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு டேலியில். அட்டெண்டன்ஸ் கைரேகை மெஷினில். டிசைன் பேட்டர்ன்கள், அவற்றை வரையும் கேட் (CAD) ரூம் கம்ப்யூட்டரில். ஆர்டர் கொடுக்கும் பையருடன் நடந்த பேச்சு முழுக்க மெர்ச்சண்டைசரின் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும். இங்கே ஒரே கம்பெனிக்கு நான்கு வெவ்வேறு பதில் வரும். டேலி ஒரு நாள் பின்னால் போனால் அக்கவுண்டன்ட் இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி போட்டுவிடுவார்கள். பேங்க் ஸ்டேட்மெண்டை டவுன்லோடு செய்யலாம், தாக்கல் செய்த ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போர்ட்டலில் இருக்கிறது, பர்ச்சேஸ் பில் ஃபைலில் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் மாதக் கடைசியில் போனால் சம்பள நாளில் சண்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கிலும் குழப்பம். பேட்டர்ன் ஃபைல்? பையர் மூன்று முறை சாம்பிள் திருப்பி அனுப்பி, நாலாவது முறை ஓகே சொன்ன அளவுகள் அதில்தான் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. ஷிப்மென்ட் வாரத்தில் பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் இருக்கும் கம்ப்யூட்டர் படுத்தால் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்கு நேரத்துக்குப் போகாது, கப்பல் போய்விடும், ஏர் கார்கோவில் அனுப்பு, செலவு உன்னுது என்று பையர் சொல்லிவிடுவார். அந்த ஏர் ஃபிரெய்ட் பில்லை ஒரு முறை பார்த்த ஓனரிடம் பேக்கப் செலவுக்குக் கையெழுத்து வாங்குவது சுலபம்.

ஆக, கம்பெனியில் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். இதுதான் அலுப்பான வேலை, இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். சர்வரில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். டிஸ்பாட்ச் செய்கிறவரின் டெஸ்க்டாப்பில் கிடக்கும் எக்ஸெல் ஷீட்டில்தான் ஐந்து வருஷ ரேட் இருக்கிறது என்பது அவர் லீவு போடும்போதுதான் தெரியும். ஃபைலாக இல்லாத விஷயங்களையும் சேருங்கள்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாரிடம், இ-வே பில் லாகின் யாரிடம், வெப்சைட் டொமைன் யார் பெயரில் வாங்கியது, பேங்க் ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருகிறது. எல்லா டேட்டாவையும் பத்திரமாக மீட்டு, ஓ.டி.பி. மட்டும் போன வருஷம் வேலையை விட்டுப்போனவரின் செல்லுக்குப் போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது?

இப்போது நகல் எடுப்பதற்கு வருவோம். 3-2-1 என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராஃபர் பரப்பியது, இன்று உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். தகவல் 3 பிரதி இருக்க வேண்டும், அசலையும் சேர்த்து. அவை 2 வெவ்வேறு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும். அதில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் ஷூ கம்பெனிக்கு இதைப் பொருத்தினால்: அசல் சர்வரில், ஒரு நகல் ஆபீசிலேயே ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில், இன்னொன்று கிளவுடில் அல்லது ஓனர் வீட்டு பீரோவில் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில்.

வேறு இடம் என்பதை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.எச். கிளவுடு கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்து போனது. கிளவுடில்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த வாடிக்கையாளர்கள் பலர், தங்கள் நகலும் அதே வளாகத்தில் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜானில் அரசாங்க டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது; அரசு ஊழியர்கள் வேலை ஃபைல்களைச் சேர்த்துவைத்த ஜி-டிரைவ் என்ற அமைப்பின் 858 டெராபைட் தகவல் மொத்தமாகப் போனது. அளவு ரொம்பப் பெரிசு என்று அதற்கு வெளியே நகல் வைக்கவில்லை. கொரியா மாதிரி நாட்டிலேயே இந்தக் கூத்து.

நம் பகுதிக்கு, வேறு இடம் எவ்வளவு தூரத்தில்? சத்துவாச்சாரி ஆபீசின் நகலைக் காட்பாடி வீட்டில் வைத்தால் தீ, திருட்டு, டிஸ்க் பழுது எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம், பெரும்பாலான சின்ன கம்பெனிகளுக்கு இதுவே பெரிய முன்னேற்றம். பாலாற்றங்கரையில் ஆபீசும் அதே கரையில் வீடும் என்றால் யோசிக்க வேண்டும். கிளவுடு என்றால் எந்த ஊர் டேட்டா சென்டர் என்று கேட்டு வாங்கலாம். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னை, புனே, மும்பையிலும் இருக்கின்றன. சென்னைக்கு வரும் புயல் மழை பல நேரம் நமக்கும் சேர்த்தே வரும் என்பதால் நானாக இருந்தால் மும்பையோ ஹைதராபாத்தோ தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு விஷயத்தை நகல் என்று நம்பி ஏமாறாதீர்கள். ஒன்று ரெய்டு, அதாவது இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதுவது. டிஸ்க் ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும், நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். இன்னொன்று, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி சிங்க். இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதையே கொண்டுபோய் வைக்கும். பழைய வெர்ஷன்களை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று பார்த்து செட்டிங் போட்டிருந்தால் ஓரளவு தப்பிக்கலாம், அதையே முழுசாக நம்பக் கூடாது.

ரான்சம்வேர் வந்த பிறகு இந்த விளையாட்டே மாறிவிட்டது. உள்ளே புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை நமக்குப் பக்கத்தில் திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் தொட்டது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மாட்டியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது, ஓ.பி. சீட்டு முதல் எல்லாவற்றையும் பல நாட்கள் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் மருத்துவமனைத் தகவல்களை மீட்க முடிந்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இப்படித் தாக்குகிறவர்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். ஆகவே எப்போதும் யூ.எஸ்.பி.யில் சொருகியே இருக்கும் வெளி டிஸ்க், சர்வரிலிருந்து நேராகத் திறக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் எல்லாம் அசலோடு சேர்ந்தே பூட்டப்படும். ஒரு நகலாவது ஒயரில்லாமல், எதோடும் சேராமல் இருக்க வேண்டும். இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாற்றி மாற்றி, எடுத்து முடித்ததும் பிடுங்கி பீரோவில் வைப்பது பழைய முறைதான், ஆனால் எந்த ஹேக்கராலும் பீரோவைத் திறக்க முடியாது. கிளவுடில் என்றால், குறிப்பிட்ட நாள் வரை யாராலும், அட்மினாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வைரஸ் உள்ளே வந்து வாரக்கணக்கில் சும்மா படுத்திருந்து அப்புறம் தாக்குவதும் உண்டு. நேற்றைய நகல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தினமும் அதன் மேலேயே எழுதினால் வைரஸையே பேக்கப் எடுத்ததாக ஆகும். கடந்த ஏழு நாள், கடந்த நாலு வாரம், கடந்த பன்னிரண்டு மாதம் என்று அடுக்கி வைப்பது வழக்கம்.

மெர்ஸ்க் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று, நம் ஊர் ஷூ போகும் கன்டெய்னர்கள் பலவற்றில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தாக்குதலில் அவர்களின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்கப் படுத்தன. யார் யாருக்கு எந்த அனுமதி என்று வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள், ஒன்றுக்கொன்று நகலாக இருந்தவை, எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது, கானா நாட்டில். ஏன்? தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அந்த சர்வரின் தகவலை இன்டர்நெட்டில் அனுப்ப லைன் வேகம் போதவில்லை, கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை, அதனால் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நைஜீரியா போய், அங்கே இன்னொருவரிடம் கொடுத்து, அவர் லண்டனுக்குப் பறந்தார். அப்புறம் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக ஏற்றினார்கள். மின்வெட்டு ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது என்று நம் ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்?

நகல் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. திரும்ப எடுக்க வருகிறதா என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒரு இன்ஜினியர், ராத்திரி நேரத்தில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் 4.5 மிச்சம். ஐந்து வகை பேக்கப் வைத்திருந்தார்கள், ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேக்கப் தோல்வி என்று மெயில் போயிருக்க வேண்டும், அந்த மெயில்களும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகலால் பிழைத்தார்கள். ஊரெல்லாம் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் நம்பியிருக்கும் கம்பெனிக்கே இந்த நிலைமை.

சின்ன ஆபீசில் சோதிப்பது எப்படி? வேறொரு கம்ப்யூட்டரை எடுங்கள், அசல் சர்வரைத் தொடாதீர்கள். பீரோ டிஸ்கில் இருக்கும் நகலை அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். டேலியைத் திறந்து கடைசி வவுச்சரின் தேதியைப் பாருங்கள். நகல் எடுத்த நாளோடு ஒத்துப்போகிறதா, இல்லை எட்டு மாதத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டதா? டிரையல் பேலன்ஸை அசலோடு ஒப்பிடுங்கள். பேட்டர்ன் ஃபைல் இரண்டைத் திறந்து பாருங்கள், பெயர் தெரிந்தால் போதாது, திறக்க வேண்டும். ஆரம்பித்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் ஓனரிடம் நாலு மணி நேரத்தில் எழுந்துவிடுவோம் என்று சொல்லியிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிளவுடில் 500 ஜிகாபைட், ஆபீசில் 100 எம்.பி.பி.எஸ். லைன், முழு வேகம் ஒரு நொடியும் குறையாமல் வந்தாலே பதினோரு மணி நேரம் ஆகும். நம் ஊர் லைன் முழு வேகம் கொடுக்கிற நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். அதனால்தான் பக்கத்தில் ஒரு நகலும் வேண்டும் என்கிறார்கள்.

பெரிய இடங்களில் இதை ஒத்திகையாகவே செய்கிறார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொழில்நுட்பக் கோளாறால் காலை 11.40க்கு வர்த்தகம் நின்று, மாலை 3.45க்குத்தான் மறுபடி தொடங்கியது. வேறு ஊரில் மாற்று மையம் இருந்தும் அன்று அதற்கு மாறவில்லை, அதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு, கோளாறு வந்தால், அதை டிசாஸ்டர் என்று அறிவித்த 45 நிமிஷத்துக்குள் மாற்று மையத்துக்குப் போக வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கும் செபி விதி போட்டது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தைக்கு விடுமுறை நாளில் வேண்டுமென்றே திறந்து, பாதி நேரம் வழக்கமான மையத்திலும் மீதி நேரம் மாற்று மையத்திலும் நிஜ வர்த்தகமே நடத்திப் பார்த்தார்கள். மாற்று மையத்தில் பல ரகம் உண்டு. எல்லாம் ஓடிக்கொண்டே தயாராக இருப்பது ஹாட் சைட், விலை கொள்ளை. மெஷின் இருக்கும் டேட்டா ஏற்ற வேண்டும் என்பது வார்ம் சைட். இடமும் கரண்டும் மட்டும் இருப்பது கோல்டு சைட். நம் அளவுக்கு, ஓனரின் லேப்டாப்பில் டேலி போட்டு லைசென்ஸையும் தயாராக வைத்திருந்தால் அதுதான் வார்ம் சைட்.

திட்டத்தை எழுதி வைக்க வேண்டும், பேப்பரில், பிரிண்ட் எடுத்து. சர்வருக்குள்ளேயே வேர்டு ஃபைலாகப் போட்டு வைப்பது, மாற்றுச் சாவியைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைக்கிற மாதிரி. 2024 ஜூலை 19 அன்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடக் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பல கம்பெனிகளில் ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சரிசெய்ய, டிஸ்க் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் எண் வேண்டியிருந்தது, அந்த எண்கள் இருந்த சர்வரும் நீலத் திரையில் நின்றதுதான் வேடிக்கை.

இரண்டு பக்கம் போதும். யார் முடிவெடுப்பது, அவர் இல்லையென்றால் யார். சர்வீஸ் ஆள், இன்டர்நெட் கம்பெனி, சாஃப்ட்வேர்க்காரர், ஆடிட்டர் இவர்களின் நம்பர். பாஸ்வேர்டு உறை எந்த லாக்கரில். எதை முதலில் எழுப்புவது, எதை அப்புறம். இந்த வரிசையில் பலர் சறுக்குவார்கள். பில்லிங்கை முதலில் எழுப்பலாம் என்று நினைப்பார்கள், ஆனால் நெட்வொர்க்கும் லாகினும் வராமல் பில்லிங் திறக்காது. அதுவரை வேலை நடக்கக் கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றை அச்சடித்து அலமாரியில் வையுங்கள். தனி வரிசை எண்ணோடு, ஜி.எஸ்.டி. எண்ணோடு.

சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்து கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், அதன் நகல் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022இல் விதி வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் என்றால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், அதற்கு மெயில் முகவரியும் போன் நம்பரும் அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கின்றன, அதையும் அந்த இரண்டு பக்கத்தில் எழுதிவிடுங்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நடந்தே விட்டது என்றால் முதல் ஒரு மணி நேரம். திரையில் பணம் கேட்டுச் செய்தி வந்தால் முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், செய்தியை செல்லில் போட்டோ எடுங்கள், பேக்கப் டிஸ்கைப் பதறிப்போய் அந்த மெஷினில் சொருகாதீர்கள். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே கரண்டை நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால் உள்ளே இருக்கும் ஊசி தட்டைக் கீறிக்கொண்டே போகும், அப்புறம் லேபுக்கு அனுப்பினாலும் வராது. தண்ணீரில் நனைந்த டிஸ்கைக் காயவைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படியே லேபுக்கு அனுப்புங்கள். தெரியாமல் ஃபைலை அழித்துவிட்டீர்கள் என்றால் அந்த மெஷினில் ஒன்றும் செய்யாமல் அணைத்து வையுங்கள். மீட்கும் சாஃப்ட்வேரை அதே டிஸ்கில் இன்ஸ்டால் செய்தால் அழிந்த ஃபைலின் மேலேயே அது போய் உட்காரும். சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்கான எஸ்.எஸ்.டி.யில் அழித்தது திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இல்லை, அங்கே பீரோ டிஸ்க்தான் வழி.